இரண்டாவது குடுவை

குடுவையில் மஞ்சள் ஏறத் தொடங்கியதும் சுகந்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

உரத்தை அமிலத்தில் காய்ச்சி வடிகட்டி, அதில் மருந்தை ஊற்றினால் இந்த மஞ்சள் வரும். பொஸ்பரஸ் சரியாக இருந்தால் அடர்ந்து வரும். மண் கலந்திருந்தால் வெளிறிப்போகும்.

வெளிறிப்போக வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

உரம் மாசிலாமணியுடையது. தேயிலை தேறவில்லை என்று ஆட்கள் முறையிட, அதிகாரிகள் கலவானையில் அவர் கடையிலிருந்து அவளுடைய ஆய்வுகூடத்துக்கு மாதிரி அள்ளி வந்திருந்தார்கள். முடிவு மோசமென்றால் கடையை மூட வேண்டியதுதான். அவர் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார்.

ஒரு காலத்தில் அவர் அவள் வளர்ந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. உர மூட்டைகளில் தானே மண்ணைக் கலந்துவிட்டு, பழியை மூக்கையாவின் தலையில் கட்டியவர்.

மூக்கையா அவளுடைய அப்பா.

மறுநாளே குடும்பத்தை லயத்து வீட்டைவிட்டு இறக்கினார்கள். மழையில் சட்டிபானையோடு றோட்டில் நின்ற சிறுமியை மாசிலாமணிக்கு இன்று அடையாளம் தெரியவில்லை.

"தாயி, பார்த்தா நம்ம தோட்டப்பக்கத்துப் புள்ள மாதிரி இருக்கீங்க. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று காலையில் பல்லைக் காட்டினார்.

மஞ்சள் ஏறி நின்றது.

அடர்ந்த மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நல்ல உரத்தின் குடுவைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. தேயிலை தேறாததற்கு வேறு ஏதோ காரணம்.

அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் கழித்துக் கையில் சிக்கும்போதா இந்த மனிதன் யோக்கியனாக இருக்க வேண்டும்?

குடுவையில் பாதியைத் தொட்டியில் கொட்டினாள். கழுத்துக் கோடுவரை தண்ணீரை ஊற்றினாள். கை நடுங்கியது.

எந்த உரத்தையும் இரண்டு குடுவைகளில் சோதிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் முடிவு செல்லும்.

இரண்டாவது குடுவைக்குக் கை நடுங்கவில்லை.

கருவியில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

முடிவைக் கேட்டு எழுந்த மாசிலாமணி மறுபடியும் வாங்கில் சரிந்தார். உதடு கோணிக்கொண்டு போனது.

"நான் எதுவும் கலக்கலம்மா. பிள்ளைங்க மேல சத்தியமா இந்தத் தடவை கலக்கல. இத எவன் நம்புவான்?"

சுகந்தினி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் நம்புறேங்க" என்றாள்.

கண் கலங்கி, அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் தடுக்கவில்லை.