கதவுக்கொரு வாசனை

"அடுப்பை அணைச்சுத் தொலைடா. வீடு பூரா இப்படி மணந்தா மருமக தும்மிக்கிட்டேதான் உள்ள வருவா" என்றாள் அக்கா.

தபால்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் உருகிய மெழுகு. அதில் தெர்மாமீட்டரை விட்டு, காய்ச்சல் பார்க்கும் டாக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம்தான் ஆகிறது.

"அணைச்சாச்சுக்கா. கொஞ்சம் ஆறட்டும். போன தடவை கொதிக்கக் கொதிக்க எண்ணெயை ஊத்திட்டேன். வாசனையெல்லாம் ஆவியாப் போயிடுச்சு, வெறும் மெழுகுதான் மிச்சம்."

சூடு இறங்கியதும் எலுமிச்சை வாசனை எண்ணெயை விட்டு, நிதானமாகக் கலக்கி, சின்னச் சின்னக் குழிகள் உள்ள ரப்பர் அச்சில் ஊற்றினார்.

அக்கா பெண்கள் விடுதியில் முப்பது வருடம் வார்டன். அடுத்தவர் அறையை ஒழுங்குபடுத்தாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தம்பி மகனின் பதிவுத் திருமணம் பரீட்சை நேரத்தில் நடந்ததால் அவளால் வர முடியவில்லை. ஆண்டு இறுதி விடுமுறைக்கு இன்று காலைதான் வந்து இறங்கியிருந்தாள். மருமகளை இன்னும் பார்த்ததில்லை. மகனையும் மருமகளையும் அழைத்து வரத் தபால்காரரின் மனைவி ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள்.

"மருமக வர்றதுக்கு முன்னாடி சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும்னு தோணலை உனக்கு. மெழுகு காய்ச்சிட்டு நிக்கிற. அதுவும் எல்லாம் வெள்ளை வெளேர்னு. ஒரு கலராவது சேர்க்கக் கூடாதா?"

"கலரை வெச்சு என்ன பண்றதுக்கா? வாசனை பிசகாம இருந்தாப் போதும்."

"அப்படி என்னடா பிடிவாதம்?"

தபால்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போன தடவை ரெண்டு நாள் இருந்தா. ரெண்டு நாளும் அந்த சோபா ஓரத்தை விட்டு எழுந்திருக்கலை. தண்ணி வேணும்னாகூட யாரையாவது கேட்டாத்தான். எனக்கு மனசே ஆறலைக்கா. நம்ம வீட்டுப் பொண்ணு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கு? இந்தத் தடவை அவ சொந்த வீடு மாதிரி நடமாடணும்."

"கூச்சமா இருக்கும். இல்லேன்னா கொஞ்சம் ஜம்பம். பொண்ணு எப்படிடா?"

"அவளைப் பத்தி யாரும் எதுவும் முன்கூட்டியே சொல்லி வைக்கக் கூடாதாம். தானே வந்து அறிமுகம் பண்ணிக்கிறேன்னுட்டா. நீயே பேசிப் பாரு."

ஜம்பமேதான் என்று அக்கா முடிவு கட்டினாள்.

கூடத்தைத் தாண்டினால் நீளமாக ஒரு நடை. அதில் வரிசையாக நாலு கதவுகள், நாலும் ஒரே அளவு, ஒரே பச்சை. வேலையில் இருந்த காலமெல்லாம் கதவு கதவாக ஏறி இறங்கிய மனிதர், இப்போது தன் வீட்டுக் கதவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன மின்விளக்கை வைத்திருந்தார். விளக்கின் தலையில் ஒரு கிண்ணம். விளக்குச் சூட்டில் மெழுகு உருகி மணக்கும். சமையலறைக்கு எலுமிச்சை, தங்கள் அறைக்குச் சந்தனம், குளியலறைக்குப் புதினா, மகனும் மருமகளும் தங்கும் கடைசி அறைக்கு ரோஜா.

இறுகிய எலுமிச்சை மெழுகையும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "சட்டை மாத்திட்டு வர்றேன். பத்து நாளா மோந்து மோந்து என் மூக்கே மரத்துப்போச்சு" என்று உள்ளே போனார்.

அக்கா நடையில் நின்று மோந்து பார்த்தாள். இருப்பதிலேயே தூக்கலான வாசனை ரோஜா. அதைக் கொண்டுபோய்ப் படுக்கையறைக்கு வைத்திருக்கிறான். எந்த இடத்துக்கு வாசனை அவசியம் என்றுகூடத் தெரியவில்லையே இவனுக்கு என்று சிரித்துக்கொண்டாள். ரோஜா விளக்கைக் குளியலறை வாசலுக்கும், புதினா விளக்கைக் கடைசி அறை வாசலுக்கும் மாற்றி வைத்தாள். செய்த உதவியைச் சொல்லிக் காட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

மருமகள் மாமியாரின் கையைக் கோத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு உள்ளே வந்தாள். மகன் காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாம்மா, வா" என்றாள் அக்கா.

"ஹாஸ்டல் அத்தைதானே? இந்தக் குரலைக் கேட்டதுமே லைட்டை அணைச்சிட்டுப் படுக்கணும் போல இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கட்டி வைத்த முடிவு லேசாக ஆட்டம் கண்டது.

"போன்ல சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கில்ல?" என்று தபால்காரர் கேட்டார்.

"இருக்கு மாமா. யாரும் கூட வராதீங்க, நானே போறேன்."

மாமியாரின் கையை விட்டுவிட்டு, தோள்பையுடன் நடையில் மெதுவாக நடந்தாள். முதல் கதவில் நின்று தலையை ஆட்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதை விறுவிறுவென்று திறந்துகொண்டு உள்ளே போனாள். வாளி உருளும் சத்தம் கேட்டது.

தபால்காரர் பதறிப்போய் ஓடினார். பின்னாலேயே அக்காவும் ஓடினாள். உள்ளேயிருந்து வந்ததோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

"ரோஜாதான் எங்க ரூம்னு சொன்னீங்களே மாமா. கட்டிலைத் தேடினா குழாய் கைக்கு வருது."

"அவனைச் சொல்லாதம்மா, மாத்தி வெச்சது நான்தான்" என்றாள் அக்கா. வார்டன் புத்தி சும்மா இருக்கவில்லை. "ஆனா எதிர்ல இவ்வளவு பெரிய வாளி இருக்கு. கண்ணால பார்த்து நடக்கக் கூடாதா?"

"கண்ணு ரெண்டும் பொறந்ததுலேருந்தே லீவுல இருக்கு அத்தை. இந்த வீட்டுல மூக்குக்குத்தான் டியூட்டி" என்று சொல்லிச் சிரித்தபடி, யார் கையையும் பிடிக்காமல், அவள் புதினா வாசனையைத் தேடி நடந்தாள்.