ஆறு தொட்டி பெட்டூனியா

"காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்கு ஆறு தொட்டி செடி?"

பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த கணவன் பால்கனி வாசலில் நின்று கேட்டான். அவள் திரும்பவில்லை. கம்பியில் வரிசையாக மாட்டிய தொட்டிகளில் பெட்டூனியாப் பூச்செடிக் கன்றுகளின் நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரு காலி பண்ணப்போறா?"

"வித்ததும் போகணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரே."

"விக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பன்னிரண்டு வருடமாக இருக்கும் வீடு. அவளிடம் துணி தைக்க வருகிறவர்கள் எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள்தான். மகளின் பள்ளிக்கூடம் அடுத்த திருப்பத்தில். மகளுக்கு இது கடைசி வருடப் பரீட்சை. அது முடிகிறவரை இங்கிருந்து ஒரு அங்குலம் நகர்வதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"அது சரி, நுனியைக் கிள்ளினா எப்படி வளரும்?"

"ஒண்ணைக் கிள்ளினா ரெண்டாக் கிளைக்கும். ரெண்டைக் கிள்ளினா நாலு. அப்புறம் திரை போட்ட மாதிரி கீழே இறங்கும்."

"எதுவரைக்கும்?"

அவள் கம்பிக்கு வெளியே விரலை நீட்டினாள். தொட்டிகளுக்கு நேர் கீழே, சுவரின் வெளிப்பக்கத்தில், 'வீடு விற்பனைக்கு' என்ற போர்டு தொங்கியது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்காரர் பார்த்தா?"

"வெளியூர்ல இருக்கறவரு எங்கேர்ந்து பார்ப்பாரு? போர்டுல கை வெச்சாத்தான் தப்பு. செடி வளர்க்கறது குத்தமா?"

விடிந்ததும் தண்ணீர், வாரம் ஒருமுறை கரைத்த உரம். மொட்டைத் தின்னும் புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வாடிய பூவை விதை கட்டுவதற்குள் அடியோடு கிள்ளினாள். விட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொண்டுவிடும். தைக்கக் கொடுத்த சட்டைகள் காத்திருந்தன, செடிகள் காத்திருக்கவில்லை.

கொடிகள் ஊதாவும் வெள்ளையுமாக இறங்கின. முதலில் 'வீடு' மறைந்தது. பிறகு 'விற்பனைக்கு'. கடைசியில் ஃபோன் நம்பரும் போயிற்று.

"ஒருத்தர்கூடக் கூப்பிடலையேம்மா," என்று வீட்டுக்காரர் ஃபோனில் புலம்பினார்.

"நேரம் அப்படி, சார். நாம என்ன பண்றது?" என்றாள், ஒரு வாடிய பூவைக் கிள்ளியபடியே.

அடுத்த ஞாயிறு காலையில் அழைப்புமணி அடித்தது. வாசலில், கையில் கார் சாவியோடு ஒரு நடுவயதுப் பெண்மணி.

"இந்த வீடு விலைக்குக் கிடைக்குமாங்க?"

வந்தவளை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டுப் பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. திரும்பி வந்தவள், வாய் தவறிக் கேட்டேவிட்டாள்.

"போர்டு எப்படிங்க உங்க கண்ணுல பட்டுச்சு?"

"போர்டா? அப்படி எதையும் நான் பார்க்கலையே," என்றாள் வந்தவள். "தினமும் இந்தத் தெரு வழியாத்தான் போறேன். மூணு மாசமா உங்க பூவைப் பார்த்துப் பார்த்து, வாங்கினா இந்த வீட்டைத்தான் வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."