கால் முன்னே வந்தவன்

அன்று பிடித்தது வலது தோள்பட்டையா இடதா என்று செல்வகுமாருக்கே இப்போது சந்தேகம். வெயில் கொளுத்தியதாக நினைவு. அன்று பஸ்ஸில் இருந்த ராணியோ, தூறிக்கொண்டிருந்தது என்கிறாள்.

திருமழிசை தாண்டி, சர்வீஸ் ரோட்டில் கம்பெனி பஸ்ஸை ஓரங்கட்டியது மட்டும் நிச்சயம்.

ஷிஃப்ட் முடிந்த பெண்கள் பஸ் நிறைய இருந்தார்கள். ஏறியதும் தூங்கிவிடுகிறவர்கள். டிரைவரின் கையை நம்பித் தூங்குகிறவர்கள்.

அந்தக் கைதான் ஸ்டியரிங்கை விட்டு அசையமாட்டேன் என்றது.

கழுத்தடியில் தொடங்கி, தோள்பட்டை எலும்புக்கு அடியில் புகுந்து, விலாவரை இறங்கியது. ஈரத்துணியை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவதுபோல. மூச்சைப் பாதிவரைதான் இழுக்க முடிந்தது.

மாதக்கணக்கில் இப்படித்தான். ரத்தம், ஈசிஜி, ஸ்கேன், எதிலும் ஒன்றும் இல்லை. டென்ஷனைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். தைலம் தேய்த்தான். வெந்நீர்ப் பை வைத்தான். வாழைப்பழமும் இளநீருமாகச் சாப்பிட்டான். தலையணையை மாற்றினான், பிறகு தூக்கியே எறிந்தான்.

வீட்டில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவான். எழுந்தால் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பான். வலிக்காத நாட்கள் இன்னும் மோசம். எப்போது வருமோ என்று தோளையே கவனித்துக்கொண்டிருப்பான்.

நசரத்பேட்டை அருகே ஒருமுறை பிடித்தபோது பஸ் மீடியனில் உரசிவிட்டது. நாய் குறுக்கே வந்தது என்று ஆபீசில் சொல்லிச் சமாளித்தான்.

உண்மையைச் சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால், அடுத்த முறை மீடியனோடு போகாது.

“இன்னாண்ணே, இன்னைக்கும் நாயா?” என்றாள் முதல் சீட்டில் இருந்த ராணி.

செல்வகுமார் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அலறல்தான் வரும்.

எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து வருகிற வேம்புலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பேக்கிங் பிரிவில் பெட்டி தூக்கும் பையன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த பஸ்ஸில் அவன் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

“எறங்கு அண்ணாத்தே. குப்புறப் படு. நான் கால் முன்னாடி வந்து பொறந்தவன்.”

பஸ்ஸுக்குள் சட்டென்று ஒரு மரியாதை பரவியது. கால் முன்னே வந்து பிறந்தவன் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று அங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இத்தனை நாளாய் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று பின்சீட்டிலிருந்து ஒருத்தி திட்டினாள்.

யாரோ ஒரு பழைய ஃபிளெக்ஸை எடுத்து வந்து மண்ணில் விரித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் காதணி விழா. அதன் கன்னத்தில் கன்னத்தை வைத்துச் செல்வகுமார் படுத்தான்.

வேம்புலி ஷூவைக் கழற்றினான். ஷூவுக்குள் கிடந்த சூடு குதிகாலில் இருந்தது. அது முதலில் தொட்டது. பிறகு தேடியது.

“உன்னைப் பெத்த மகராசி இன்னா பாடு பட்டாளோடா!” என்றாள் ராணி, ஜன்னலில் தலையை நீட்டி.

குதிகால் நின்றுவிட்டது.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முதுகில் அந்தக் கால் அப்படியே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வைத்தியத்தில் இதுவும் ஒரு கட்டம் போலும் என்று செல்வகுமார் நினைத்துக்கொண்டான்.

“ரெண்டு நாள் துடிச்சிகினு கெடந்துச்சாம்” என்றான் வேம்புலி.

சொல்லிவிட்டு முழு எடையையும் இறக்கினான்.

உள்ளே எதுவோ கடக்கென்றது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி மூச்சுவிட்டு என்று தோன்றியதும், ஃபிளெக்ஸ்மேல் கிடந்தபடியே செல்வகுமார் அழுதான். பெண்கள் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

ஆவடிவரை வலிக்காகக் காத்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினான். வரவில்லை.

தை மாதம் வேம்புலிக்கும் ஜோதிகாவுக்கும் வெள்ளானூரில் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா நிற்கவேண்டிய இடத்தில், பிள்ளைகள் விடுதி நடத்துகிற ஒரு வயதான அம்மாள் நின்றார். பந்தியில் அவர் செல்வகுமாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

ரயில் பிளாட்பாரத்தில் ஒரு கட்டைப்பைக்குள் கிடந்தவனாம் வேம்புலி. கண்டெடுத்த தேதியைத்தான் பிறந்தநாளாக வைத்தார்களாம். பெற்றவளைப் பார்த்தவர்கள் யாருமில்லை. எந்த ஊரில் பிறந்தான் என்றுகூடத் தெரியாது.

செல்வகுமார் இலையில் விழுந்த பாயசம் அப்பளத்தை நோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராணி இப்போது அம்பத்தூரில் தையல்கடை வைத்திருக்கிறாள். ஜோதிகாவுக்குப் பெண் குழந்தை. நர்ஸ் வெளியே வந்ததும், ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல், தலை முன்னாடி வந்ததா கால் முன்னாடி வந்ததா என்று கேட்டானாம் வேம்புலி. விடுதி அம்மாள் போன வருஷம் தவறிவிட்டார்.

செல்வகுமார் பஸ் ஓட்டுவதில்லை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் பிடிப்பு திரும்பியது. மறுநாளே ஆபீசில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஸ்டோர்ஸில் போட்டார்கள். சம்பளம் குறைவு.

காரணம் இன்றுவரை தெரியவில்லை. வரும்போதெல்லாம் வேம்புலி வீட்டுக்குப் போய்க் குப்புறப் படுக்கிறான். சில நாள் விடுகிறது. சில நாள் விடுவதில்லை.

தோள் பிடித்தது, கழுத்து திரும்பவில்லை என்று யார் வந்தாலும் அங்கேதான் அனுப்புகிறான். நிஜமாகவே கால் முன்னாடி வந்தவனா என்று ஒரு சிலர் இழுப்பார்கள்.

எங்கம்மாதான் பக்கத்தில் இருந்து பிரசவம் பார்த்தாங்க என்கிறான் செல்வகுமார்.