எச்சரிக்கை வரக்கூடாத கோப்பு

பேச்சைக் கேட்டு மூளை நோயைக் கண்டுபிடிக்கும் நிரலுக்குச் சோதனைக் கோப்புகள் எழுதுவது சுகிர்தாவின் வேலை. ஒவ்வொரு பேச்சின் கீழும் நிரல் தரவேண்டிய எச்சரிக்கையை அவள் முன்கூட்டியே எழுதிவைப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் கோப்பு தேறும்.

கோளாறே இல்லாத பேச்சு ஒன்றும் வேண்டியிருந்தது. கணவன் பெலிக்ஸ் மீன் குழம்பு வைக்கும் விதத்தைச் சொல்வதைப் பதிவு செய்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். "உப்ப மட்டும் நீ தொடாத மகராசி. போன வாரம் கடலையே கொண்டாந்து ஊத்திட்ட" என்று அதில் அவன் சிரித்தான். கீழே ‘எச்சரிக்கை இல்லை’ என்று எழுதினாள்.

கோப்பு தேறவில்லை. ‘மறதி நோயின் தொடக்கம்’ என்று நிரல் சொன்னது. மூன்று முறை ஓட்டியும் அதையே சொன்னது.

பக்கத்து மேசை ரஹ்மத்திடம் காட்டினாள். யார் குரல் என்று சொல்லவில்லை.

"நிரல் சரிதான் மேடம். இந்த ஆளு புளிய ரெண்டு தடவ கரைக்கிறாரு, பாருங்க."

"வெளையாட்டா சொல்லிருப்பாரு."

"இதே மாதிரி மூணு எடத்துல கொழம்புறாரே, எல்லாமே வெளையாட்டா? நீங்கதான் தப்பா எழுதிட்டீங்க. கீழ உள்ள வரிய மாத்துங்க, தேறிடும்."

அவள் தன் வரியை அழித்துவிட்டு நோயின் பெயரை எழுதினாள். கோப்பு தேறியது.

மாற்றத்துக்கான காரணத்தைத் திரை கேட்டது. வழக்கமாக ஒரு சொல் போதும்.

‘என் தவறு. கூடவே இருந்தும் கவனிக்கவில்லை’ என்று எழுதினாள்.