சிங்கப்பூருக்குப் போதும்

"மணி பதினொன்னேகால், மிஸ்டர் பெல்லாமி! ஒன்பதுலேர்ந்து உங்க டீயைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கேன். அதுவும் சர்க்கரை இல்லாம."

1941 மார்ச். லண்டனில் சர்க்கரைக்கு ரேஷன். போர் விமானங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். அவற்றைப் பிரித்துக் கொடுப்பவர் பெல்லாமி. எதிரே ட்ரெகார்தன், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட்டில் இருக்கும் ஒரு ஸ்குவாட்ரனின், அதாவது போர் விமானப் பிரிவின், தலைவன். பழைய விமானங்களில் ஏற்றி அனுப்பிய மூன்று பையன்களைப் போன மாதம்தான் புதைத்திருந்தான்.

"கைவசம் ரெண்டு வகை இருக்கு," என்றார் பெல்லாமி. "நம்ம புது ஸ்பிட்ஃபயர் ஒரு செட். அமெரிக்க விமானம் ஒரு செட். ஒரு ஸ்குவாட்ரன் கென்ட்ல நிக்கும். இன்னொண்ணு சிங்கப்பூர் போகுது."

"அந்த அமெரிக்கப் பீப்பாயா? போன வாரம் ஓட்டிப் பாத்தேன். மேல ஏறச் சொன்னா அழுவுது. எண்ணெயைக் கக்கி முன்கண்ணாடியையே மறைக்குது."

"அதனாலதான் சிங்கப்பூருக்கு ஸ்பிட்ஃபயர் கொடுக்கலாமான்னு பாக்கறேன். தூரதேசம். அவசரத்துக்கு உதவி போய்ச் சேராது."

ட்ரெகார்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அட கடவுளே! ஜெர்மன்காரன் தினம் வந்து குண்டு போடறது இங்க. அங்க யாரு வரப்போறான்? ஜப்பான்காரன்! அவன் விமானம் மூங்கிலும் காகிதமும். அவனுக்கு ராத்திரியில கண்ணே தெரியாது."

"பாத்திருக்கீங்களா?"

"எங்க மெஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப, அங்க போற பசங்க?"

"குடுத்துவச்சவங்க! வெயில், நீச்சல், ஜின். அவங்களுக்குப் பீப்பாய் போதும். யாரு போறா?"

"விமானம் பிரிச்சு முடியறவரைக்கும் சொல்லக் கூடாது. சொன்னா ஆளாளுக்குத் தன் பக்கம் இழுப்பாங்க. அது எங்க விதி."

"உங்க விதியெல்லாம் முடியறதுக்குள்ள போரே முடிஞ்சிரும்! ஓட்டிப் பாத்தவன் சொல்றேன், எழுதிக்குங்க. ஸ்பிட்ஃபயர் கென்ட்டுக்கு. பீப்பாய் சிங்கப்பூருக்கு."

"உறுதியாத்தான் சொல்றீங்களா?"

"என் பசங்க மேல சத்தியமா."

பெல்லாமி தொலைபேசியை எடுத்து, அவன் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வைத்தார். ட்ரெகார்தன் அன்று முதல் தடவையாகச் சிரித்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"இனிமே சொல்லலாம்," என்றார் பெல்லாமி. "கப்பல் வியாழக்கிழமை. உங்க பசங்களை நீச்சல் உடுப்பு எடுத்து வைக்கச் சொல்லுங்க."

தொப்பி அவன் கையிலேயே நின்றது.

"ஆமா, அந்த எண்ணெய் கண்ணாடியை மறைச்சா, பறக்கும்போது எப்படித் துடைப்பீங்க?"