எதிரில் எழுதாத பெண்

சமூகப்பணி மேல்படிப்பு படிக்கும் ஜெசிந்தா களப்பயிற்சிக்காக மூன்றாம் தடவையாகக் கஸ்தூரி வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் கஸ்தூரியின் மகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்பது இவள் கொடுக்கும் அறிக்கையில்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிறாள், தலையாட்டுகிறாள், ஒரு வரிகூட எழுதுவதில்லை. கஸ்தூரி அதைக் கேட்டே விட்டாள். போன வருஷம் வந்தவளும் இப்படித்தான் சிரித்துப் பேசிவிட்டுப் போனாள். கடைசியில் புருஷன் குடித்துவிட்டு வந்த நாள்கூட ஃபைலில் ஏறியிருந்தது.

"எதிர்ல எழுதக் கூடாதுன்னு எங்க காலேஜ் மேடம் சொல்லியிருக்காங்கக்கா. ஹாஸ்டலுக்குப் போய் ஞாபகமா எழுதணும்."

"ஏன், எம் மூஞ்சியப் பாத்தா பேனா ஓடாதா? இங்கயே எழுதி, படிச்சுக் காட்டிட்டுப் போம்மா."

ஜெசிந்தா தயங்கித் தயங்கி எழுதி, வாசித்தாள். "வீடு சுத்தமாக இருக்கிறது. மகளுக்கென்று புதுக் கட்டில் போட்டிருக்கிறார். தாய் எதையோ மறைக்கிறார்."

"மறைக்கிறேன்னு நான் சொன்னனா?"

"இல்லக்கா."

"அப்ப அத அடி."

ஜெசிந்தா அந்த வரியை அடித்தாள். "எதையும் மறைக்கலைன்னு எழுதிக்கட்டுமாக்கா?"

ஆமாம் என்று சொல்லக் கஸ்தூரி வாயைத் திறப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. அதற்குள் ஜெசிந்தா அதை எழுதாமலே பேனாவை மூடியிருந்தாள்.