ஜெனரேட்டர் கேட்ட ரப்பர்

ஒரு படகின் அடித்தட்டில், இரும்புப் பெட்டிக்குள், ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதன் ஒரு காலுக்கு அடியில் அதிர்வைத் தாங்கிக்கொண்டிருந்த ரப்பர் கிழிந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அன்றிலிருந்து அது கத்திக்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் உட்சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சு அந்தச் சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும்.

இப்போது பஞ்சு மட்கிப்போய் உதிர்ந்தது.

"உன் தூள் என் மூக்கை அடைக்குது," என்று சீறியது ஜெனரேட்டர்.

"நன்றி கெட்டவளே! உன் கூச்சலை நான் விழுங்கலைன்னா உன் மானம் என்ன ஆகியிருக்கும்?"

"மானமா? நான் கேட்டது ரப்பர்! மேலே ஒருத்தர் காதுல விழுந்திருந்தா அந்த வாரமே மாத்தியிருப்பாங்க. உன்னை யார் விழுங்கச் சொன்னது?"

"ஒரே பெட்டியில இருந்தா அப்படித்தான், பொறுத்துப் போகணும்," என்றது பஞ்சு. பதில் இல்லாதவர்கள் எப்போதும் சொல்வது இதைத்தான்.

அப்போது பஞ்சில் பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. சத்தம் மேல்தட்டு வரை போனது.

"சேவியரு, என்னய்யா இது இரைச்சல்?" என்று கத்தினார் படகோட்டி.

மெக்கானிக் சேவியர் வந்து மூடியைத் திறந்தான். ஜெனரேட்டர் ஆசை ஆசையாகத் தன் காலை உதறிக் காட்டியது.

"பஞ்சு போயிருச்சுண்ணே, அதான் சத்தம்."

பழையதைச் சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு மடங்கு தடிமனில் புதுப்பஞ்சை ஒட்டி, மூடியை அழுத்திப் பூட்டினான்.

"அப்பாடா, இப்பதான் நல்லா ஓடுது!" என்றார் படகோட்டி.

பெட்டிக்குள் இருட்டில் புதுப்பஞ்சு கனிவாகச் சொன்னது: "அக்கா, என்ன குறையிருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தை வெளியே போகாது."